செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் பைக்: வாங்குறதுக்கு முன்னாடி, வாங்கினதுக்கு அப்புறம்

வழக்கமா இங்க வேலை, இன்டர்வியூ, சம்பளம்னு பேசிட்டு இருப்போம். இன்னைக்கு முழுக்க பைக். காரணம், கொஞ்ச நாளா எனக்கு வர்ற மெசேஜ்கள்ல திரும்பத் திரும்ப ஒரே கேள்வி வருது: "அண்ணா, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. கையில ஒண்ணேமுக்கால் லட்சம் இருக்கு. இன்னும் கொஞ்சம் போட்டு புது ஆர்15 எடுக்கவா, இல்ல இதே காசுல பழைய நின்ஜா 300, ஆர்சி 390 மாதிரி ஏதாவது எடுக்கவா?"

நான் 2018 மாடல் நின்ஜா 300 ஒண்ணை செகண்ட் ஓனரா வாங்கி நாலாவது வருஷமா ஓட்டிட்டு இருக்கேன். அதனால இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல எனக்கு மனசு வரல. இந்த வண்டிகள் ஏன் விலை இறங்குது, வண்டியை எப்படிப் பார்க்கணும், பேப்பரை எப்படிப் பார்க்கணும், வாங்கின பிறகு எவ்வளவு செலவாகும்னு வரிசையா சொல்றேன். ஒரே ஒரு வேண்டுகோள். பேப்பர் பத்திப் பேசுற இடத்தை மட்டும் தள்ளிவிட்டுப் போயிடாதீங்க. அது வாங்குறவங்களுக்கு எவ்வளவு முக்கியமோ அதைவிட ஒரு படி மேல, விக்கிறவங்களுக்கு முக்கியம்.

ஏன் விலை இறங்குது?

நம்ம நாட்டுல சாதாரண சம்பளக்காரன் எட்டிப் பிடிக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் பைக் கதை 2008ல யமஹா ஆர்15 வந்ததுல இருந்து சூடு பிடிச்சுது. 149 சிசிதான், ஆனா லிக்விட் கூலிங், முழு ஃபேரிங். 2009ல நின்ஜா 250ஆர், 2011ல சிபிஆர் 250ஆர், 2013ல நின்ஜா 300, 2014ல ஆர்சி 390, 2015ல யமஹா ஆர்3, 2017 டிசம்பர்ல நம்ம ஓசூர்ல தயாராகிற அப்பாச்சி ஆர்ஆர் 310. இன்னைக்கு செகண்ட்ஸ் மார்க்கெட்ல நீங்க பார்க்கிறது பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான்.

இதெல்லாம் புதுசா இருக்கும்போது எல்லாருக்கும் கனவு. ரெண்டு மூணு வருஷத்துல விளம்பரத்துக்கு வந்துடுது. முதல் காரணம் உட்காரும் விதம். ஹேண்டில் தாழ்வா இருக்கும், கால் வைக்கிற இடம் பின்னாடி இருக்கும், உடம்போட எடை மணிக்கட்டுல இறங்கும். ஹைவேல 80ல போகும்போது காத்து நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கிறதால தெரியாது. ஓஎம்ஆர்ல சிக்னலுக்கு சிக்னல் கிளட்ச் பிடிச்சுப் போகும்போது மணிக்கட்டும் இடுப்பும் கணக்கு கேட்கும்.

ரெண்டாவது, ஓட்டுற செலவு. ஒரு சின்ன உதாரணம். 2022 ஜூன்ல இருந்து வந்த தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டணப்படி, 75ல இருந்து 150 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 714 ரூபாய். 150 தாண்டி 350 வரைக்கும் 1,366. 350 தாண்டினா 2,804. இதுக்கு மேல ஜிஎஸ்டி தனி. அதாவது 373 சிசி ஆர்சி 390க்கும் 296 சிசி நின்ஜாவுக்கும் இந்த ஒரு வரியிலேயே ரெண்டு மடங்கு வித்தியாசம். டயர், செயின், பிரேக் பேட் எல்லாம் இதே போக்குதான்.

மூணாவது, வாழ்க்கை மாறுறது. கல்யாணம், குழந்தை, வெளிநாட்டு வேலை. அந்தப் பின் சீட்ல அம்மாவையோ மனைவியையோ உட்கார வெச்சுக் கோயிலுக்குப் போறது நடக்காத காரியம்.

நாலாவது காரணத்தை யாரும் பெருசா பேச மாட்டாங்க. புது வண்டி விலை குறைஞ்சா பழசும் விழும். நின்ஜா 300 ஷோரூம் விலை 3 லட்சத்து 60 ஆயிரமா இருந்துச்சு. 2018 ஜூலைல ஏபிஎஸ்ஸையும் சேர்த்துக்கிட்டு 2 லட்சத்து 98 ஆயிரத்துக்கு வந்துச்சு. உள்ளூர் பாகங்கள் அதிகமானதுதான் காரணம். அதுக்கு முந்தின வருஷம் வாங்கினவரோட வண்டிக்கு அன்னைக்கே மதிப்பு குறைஞ்சுடுச்சு. செகண்ட்ஸ்ல வாங்குற நமக்கு அது லாபம்.

இந்த நாலுலயும் வண்டி மேல எந்தத் தப்பும் கிடையாது. அஞ்சாவதா ஒரு காரணம் இருக்கு: விழுந்த வண்டி. முதல் நாலு காரணத்துக்காக விக்கிறவரைத் தேடிப் பிடிக்கணும், அஞ்சாவது காரணத்துக்காக விக்கிறவர்கிட்ட இருந்து தப்பிக்கணும். செகண்ட்ஸ்ல வாங்குறதுல இருக்கிற வேலை மொத்தமும் இவ்வளவுதான்.

எந்த வருஷ மாடல்?

விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஏபிஎஸ் இருக்கான்னு பாருங்க. 125 சிசிக்கு மேல இருக்கிற வண்டிகளுக்கு 2018 ஏப்ரல்ல வந்த புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரல்ல இருந்து எல்லா மாடலுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் ஆச்சு. அதனால 2018 வண்டிகள்ல குழப்பம் உண்டு. ஆர்15 மூணாம் வெர்ஷன் 2018ல ஏபிஎஸ் இல்லாம வந்துச்சு, 2019 ஜனவரிலதான் டூயல் சேனல் ஏபிஎஸ் வந்துச்சு. நின்ஜா 300க்கு 2018 நடுவுல. ஆர்சி 390ல ஆரம்பத்துல இருந்தே உண்டு. ஒரே வருஷம், ஒரே பேர், ஒரே கலர், ஆனா மழை ரோட்டுல நடந்துக்கிற விதம் வேற. 10,000 ரூபாய் அதிகம் கொடுத்தாலும் ஏபிஎஸ் இருக்கிறதை எடுங்க.

அடுத்தது பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏத்த பொருட்களோட வண்டி வரணும்கிறது 2023 ஏப்ரல்ல இருந்துதான். அதுக்கு முந்தின வண்டின்னா பெட்ரோல் ஹோஸ், ரப்பர் வாஷர் இதையெல்லாம் மெக்கானிக்கை விட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. மாசக்கணக்கா டேங்க்ல பெட்ரோலோட நிறுத்தி வெக்காதீங்க.

வண்டியைப் பார்க்கிற வரிசை

பகல் வெளிச்சத்துல போங்க. போறதுக்கு முன்னாடி "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிடுங்க. போனதும் எஞ்சின்ல கையை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா, குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு யாரோ நினைச்சிருக்காங்கன்னு எடுத்துக்கலாம்.

ஃபேரிங்கைப் பார்த்து ஏமாறாதீங்க. அது பிளாஸ்டிக். புதுசு கிடைக்கும், பெயின்ட் அடிச்சும் மாட்டலாம். விழுந்த வண்டி தன் அடையாளத்தை வேற இடத்துல வெச்சிருக்கும். ஹேண்டில் பார் நுனியில இருக்கிற எடைக்கட்டை, கிளட்ச் பிரேக் லீவரோட நுனி, ஃபுட்ரெஸ்ட் முனை, எஞ்சின் பக்கவாட்டு கவர், சைலன்சரோட வெளிப்பக்கம். இந்த அஞ்சுல ஒரு பக்கம் மட்டும் சிராய்ப்பு இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் பளிச்சுனு புதுசா இருந்தாலோ, அந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு. நின்ன இடத்துல சாய்ஞ்சிருந்தா பரவாயில்ல. அதுக்கு விலை குறைச்சுக் கேட்கலாம்.

முன்பக்கம் மோதின வண்டிதான் ஆபத்து. இதைப் பார்க்க ஒரு இடம் இருக்கு. ஹேண்டிலை முழுசா இடது பக்கம் திருப்புங்க, அப்புறம் வலது பக்கம். திருப்பும்போது ஒரு கட்டத்துல 'டக்'னு முட்டி நிக்கும் இல்லையா? கழுத்துப் பகுதியில சேசிஸோட சேர்ந்து ஒரு சின்ன இரும்பு மேடு இருக்கும். அதுதான் ஹேண்டில் ஸ்டாப்பர். பலமா மோதினா முன்சக்கரம் ஒரு பக்கமா மடங்கி அந்த ஸ்டாப்பர்ல போய் இடிக்கும். அது நசுங்கியிருந்தாலோ, பெயின்ட் உடைஞ்சிருந்தாலோ, வெல்டிங் தெரிஞ்சாலோ, நன்றி சொல்லிட்டுக் கிளம்பிடுங்க.

போன வருஷம் என் சித்தி பையனுக்கு வண்டி பார்க்கப் போனோம். அவனுக்கு 22 வயசு. மார்க்கெட் விலையைவிட 30,000 கம்மி, ஒரே ஓனர், 14,000 கிமீதான் ஓடியிருக்கு. புது ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டி சாமி ஊர்வலத்துக்குத் தயாரான மாதிரி நின்னுச்சு. பையன் அட்வான்ஸ் அனுப்ப போனைக் கையில எடுத்துட்டான். டார்ச் அடிச்சுக் கழுத்துல பார்த்தா ஸ்டாப்பர் ஒரு பக்கம் தட்டையா இருந்துச்சு, மேல கருப்பு பெயின்ட் தொட்டு வெச்சிருந்தாங்க. முன்சக்கரத்துக்கு நேரா பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். ரெண்டு ஃபோர்க் குழாயும் ஒண்ணுக்கொண்ணு இணையா இல்ல.

"அண்ணா, அலைன்மென்ட் பண்ணிக்கலாம்ல? 30,000 மிச்சமாகுதே"ன்னான்.

"டேய், ஃபோர்க்கை மாத்தலாம். கழுத்து மடங்கியிருந்தா சேசிஸே போச்சு. நூறுல போய்ட்டு இருக்கும்போது முன்னாடி பிரேக் பிடிச்சா அது எந்தப் பக்கம் இழுக்கும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

வீட்டுக்கு வர்ற வரைக்கும் என்கிட்ட பேசல. ரெண்டு மாசம் கழிச்சு 20,000 அதிகம் கொடுத்து வேற வண்டி எடுத்தான். இன்னைக்கு அதுலதான் வேலைக்குப் போறான். சித்திக்கு இந்த ஸ்டாப்பர் கதை எதுவும் தெரியாது, தெரிய வேண்டாம்.

சரி, வரிசையைத் தொடர்வோம். ஃபோர்க்கோட பளபளப்பான குழாயை விரலால தடவுங்க. எண்ணெய் ஒட்டினா ஆயில் சீல் போயிருக்கு. அது பெரிய செலவில்ல, ஆனா பேரத்துக்கு ஆகும். அடுத்து கோன் செட். இந்த வண்டிகளுக்கு சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. ஒருத்தர் சைடு ஸ்டாண்ட் மேல வண்டியைச் சாய்ச்சு முன்சக்கரத்தைத் தூக்கணும், நீங்க ஹேண்டிலை மெதுவா இப்படி அப்படி திருப்பணும். நடுவுல ஒரு பள்ளத்துல விழுற மாதிரி சிக்கினா கோன் செட் தேய்ஞ்சிருக்கு.

பின் ஸ்ப்ராக்கெட்டோட பின்பக்கம் செயினைப் பிடிச்சு வெளிய இழுங்க. பல்லோட பாதி உயரம் தெரியுற அளவுக்கு செயின் வெளிய வந்தா ஆயுள் முடிஞ்சுது. ஸ்ப்ராக்கெட் பல்லு சுறா துடுப்பு மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சிருந்தாலும் அதே தீர்ப்புதான்.

டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் நிறைய இருக்குன்னு ஓனர் பெருமையா சொல்லுவார். ஆறு வருஷ டயர்ல பட்டன் இருந்து என்ன பண்ண? ரப்பர் கல்லாகியிருக்கும். ஸ்போர்ட்ஸ் பைக்கை வளைவுல சாய்க்கிறதே அந்த ரப்பரை நம்பித்தான். பிரேக் டிஸ்க்லயும் குறைந்தபட்ச தடிமன் எவ்வளவுன்னு மில்லிமீட்டர்ல பொறிச்சிருப்பாங்க, அதையும் பாருங்க.

இப்ப சாவியைப் போடுங்க. ஏபிஎஸ் லைட் எரியணும், வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணையணும். அணையாம எரிஞ்சா கோளாறு. சாவி போட்டதும் எரியவே இல்லைன்னா, கோளாறை மறைக்க அந்த லைட்டையே யாராவது கழட்டியிருக்கலாம். ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஐடில்ல விடுங்க. டீ வேணுமான்னு கேட்பாங்க, வேணும்னு சொல்லிட்டு அங்கேயே நில்லுங்க. ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்குதா, சூட்டைக் குறைச்சிட்டு நிக்குதான்னு பார்க்கணும். நம்ம ஊர் வெயில்ல லிக்விட் கூல்டு எஞ்சினுக்கு அந்த ஃபேன்தான் உயிர். சைலன்சர்ல நீலப் புகை தொடர்ந்து வந்தா ஆயில் எரியுது. ஆயில் பார்க்கிற கண்ணாடியில காபி வித் மில்க் நிறத்துல இருந்தா கூலன்ட் கலந்திருக்கு. ரெண்டுமே வேண்டாம்.

ஓடின கிலோமீட்டரை மீட்டர்ல மட்டும் பார்க்காதீங்க. பழைய சர்வீஸ் பில் கேளுங்க, அதுல தேதியும் கிமீயும் இருக்கும். மீட்டர் 12,000 காட்டுது, டிஸ்க் தேய்ஞ்சு விளிம்பு கட்டியிருக்கு, ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழுவழுன்னு ஆயிடுச்சுன்னா, மீட்டரைவிட ரப்பரை நம்புங்க.

பேப்பர்

இங்கதான் நிதானமா கேட்கச் சொன்னேன்.

ஆர்சியில இருக்கிற எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டையும் வண்டியில பொறிச்சிருக்கிறதோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டா ஓனர் வரிசை, இன்சூரன்ஸ் தேதி, ஃபைனான்ஸ் இருக்கா இல்லையான்னு வந்துடும். லோன் முடிஞ்சிருந்தாலும் ஆர்சியில ஃபைனான்ஸ் பேர் நீக்கலைன்னா பேர் மாத்த முடியாது. அதுக்கு பேங்க் கொடுக்கிற என்ஓசியும் படிவம் 35ம் வேணும். பாக்கி இருக்கிற சலான்களையும் அன்னைக்கே கட்டச் சொல்லுங்க.

பெங்களூர், டெல்லி, பாண்டிச்சேரி வண்டிகள் விலை கம்மியா தெரியும். ஆனா வேற மாநில வண்டியை 12 மாசத்துக்கு மேல இங்க வெச்சிருந்தா மறுபதிவு பண்ணியாகணும். அந்த ஊர் ஆர்டிஓ கிட்ட இருந்து படிவம் 28ல என்ஓசி, அப்புறம் இங்க வண்டியோட வயசைப் பொறுத்து சாலை வரி. அதையும் கூட்டிப் பார்த்த பிறகு அது நிஜமாவே சல்லிசா இருந்தா வாங்குங்க.

பேர் மாத்துறதுக்கு படிவம் 29ம் 30ம். சட்டப்படி, விக்கிறவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும், வாங்குறவர் 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். நடைமுறையில என்ன நடக்குது? கன்சல்டிங்ல வண்டியை விடும்போது தேதியும் வாங்குறவர் பேரும் போடாத படிவத்துல கையெழுத்து வாங்கி வெச்சுக்கிறாங்க. வண்டி அடுத்த கைக்குப் போகும், அதுக்கடுத்த கைக்குப் போகும், படிவமும் கூடவே போகும். ஆர்சியில பேர் மட்டும் முதல் ஆளோடது.

என் காலேஜ் நண்பன் ஒருத்தன் ஹைதராபாத்ல வேலை கிடைச்சுப் போகும்போது தன் பைக்கை இப்படித்தான் ஒரு கடையில விட்டான். பணம் அக்கவுன்ட்ல வந்துடுச்சு, கதை முடிஞ்சுதுன்னு நினைச்சான். ரெண்டு வருஷம் கழிச்சு அவன் கால் வெக்காத ஒரு மாவட்டத்துல இருந்து போலீஸ் ஸ்டேஷன் போன் வந்துச்சு. அந்த வண்டி ரோட்டைக் கடந்த ஒரு பெரியவரை இடிச்சிருக்கு. தொடை எலும்பு முறிவு. ஓட்டின பையன் மூணாவது கையில வாங்கினவன். இன்சூரன்ஸ் முடிஞ்சு பல மாசம். நஷ்டஈடு கேட்டு அந்தக் குடும்பம் போட்ட மனுவுல என் நண்பன் பேர் ஓனர்னு இருக்கு. அவன் கையில இருந்தது ஒரு வாட்ஸ்அப் உரையாடலும் ஒரு பேங்க் வரவும்தான். அந்த வழக்கு இன்னும் நடந்துட்டு இருக்கு.

"நான்தான் வித்துட்டேனே"ன்னு சொன்னா போதாது. 2018ல உச்ச நீதிமன்றம் இதே மாதிரி கை மாறிக் கை மாறிப் போன ஒரு காரோட வழக்குல, பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. யோசிச்சுப் பார்த்தா அதுல நியாயம் இருக்கு. கால் உடைஞ்சு படுத்திருக்கிற மனுஷன், வண்டி எத்தனை கை மாறுச்சுன்னு தேடிப் போக முடியுமா? அவருக்குத் தெரிஞ்சது நம்பர் பிளேட் மட்டும்தான். நண்பனுக்காக எனக்கு வருத்தம் உண்டு. ஆனா அந்தப் பெரியவர் இடத்துல என் அப்பாவை வெச்சுப் பார்த்தா, ஆர்சியில இருக்கிற பேரைத்தான் நானும் பிடிப்பேன்.

அதனால விக்கும்போது, வாங்குறவர் பேரும் தேதியும் எழுதாத படிவத்துல கையெழுத்துப் போடாதீங்க. கடையில விடுறதா இருந்தா, 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி டீலர்களுக்குப் பதிவு முறை வந்திருக்கு. ஆர்டிஓ அங்கீகாரம் இருக்கிற டீலர்கிட்ட விட்டு, படிவம் 29 சி மூலமா வண்டியை ஒப்படைச்சதைத் தெரிவிச்சா, அதுக்கப்புறம் பொறுப்பு டீலரோடது. அந்த அங்கீகாரம் இருக்கான்னு நேராவே கேளுங்க. வாங்கும்போது, மொத்தப் பணத்தையும் முதல் நாளே கொடுக்காதீங்க. ஒரு பகுதியைப் பேர் மாறினதும் தர்றேன்னு எழுதிக்கோங்க.

இன்சூரன்ஸ்ல ரெண்டு விஷயம். 2018 செப்டம்பருக்கு அப்புறம் வித்த புது டூவீலர்களுக்கு 5 வருஷ தேர்ட் பார்ட்டி சேர்ந்தே வரும். ஓனர் "இன்சூரன்ஸ் லைவ்ல இருக்கு"ன்னு சொல்றது பெரும்பாலும் அதைத்தான். உங்க வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான ஓன் டேமேஜ் தனி, அது எப்பவோ முடிஞ்சிருக்கலாம். ரெண்டாவது, வண்டி கை மாறினா 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பிச்சுப் பேர் மாத்தணும். பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவரோட போயிடும்.

என் கணக்கு

என் வண்டிக்கு ஓனர் கேட்டது 1,90,000. டயர் பழசு, செயின் முடிஞ்சுது, ஒரு ஃபோர்க் சீல் கசிவுன்னு மூணையும் காட்டி, விலை போட்டுக் காகிதத்துல எழுதிக் கொடுத்தேன். "தம்பி, மெக்கானிக்கா நீங்க?"ன்னார். "இல்ல சார், டெஸ்டிங் டீம்"னேன். 1,75,000க்கு முடிஞ்சுது.

முதல் மாசச் செலவு: ரெண்டு டயர் 12,400. செயின் ஸ்ப்ராக்கெட் 7,800. ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஃபுளூயிட் 4,600. முன் பிரேக் பேட் 2,200. ஃபோர்க் சீல் கூலியோட 3,500. இன்சூரன்ஸ், பேர் மாற்றம் 6,500. மொத்தம் 37,000. வாங்கின விலையில 21 சதவீதம். அதனால கையில 1,75,000 இருந்தா 1,40,000க்கு மேல வண்டி பார்க்காதீங்க. ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ், பூட்ஸ் இதுக்குள்ள வராது, அதுக்குத் தனியா சேருங்க.

அப்புறம் வருஷச் செலவு. நான் வருஷத்துக்கு 6,000 கிமீ ஓட்டுறேன். லிட்டருக்கு 25 கிடைக்குது. பெட்ரோல் 100 ரூபாய்னு வெச்சா 24,000. சர்வீஸ் 9,000, இன்சூரன்ஸ் 5,000, டயருக்கு வருஷப் பங்கு 5,000, செயின் கிளீனர், லூப் 1,500. மொத்தம் 44,500. மாசத்துக்கு 3,700 சொச்சம், கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய்க்குக் கொஞ்சம் கீழ. இந்தத் தொகை ஈஎம்ஐ மாதிரி கண்ணை உறுத்தாது, ஆனா நிக்கவே நிக்காது. இதைத் தாங்க முடியும்னா வாங்குங்க.

பாகங்களைப் பொறுத்தவரை, பொதுவான சாமான்களுக்கு ஜிபி ரோடு போதும். புதுப்பேட்டையில ஃபேரிங், கண்ணாடி மாதிரி சாமான் கிடைக்கலாம். பிரேக், ஃபோர்க் உள் பாகங்கள் மட்டும் பழசு வாங்காதீங்க.

ஓட்டுறது

நின்ஜா 300ல 39 குதிரைத்திறன் இருக்கு, ஆனா அது முழுசா கிடைக்கிறது 11,000 ஆர்பிஎம்ல. ஊருக்குள்ள அந்தப் பக்கமே போக மாட்டோம். வண்டி கிட்டத்தட்ட 180 கிலோ. டிராஃபிக்ல கால் ஊன்றி யூ டர்ன் எடுக்கும்போதுதான் அந்த எடை தெரியும். முதல் ஒரு மாசம் காலி மைதானத்துல பிரேக்கும் யூ டர்னும் மட்டும் பழகுங்க. வேகம் தானா வரும், நிறுத்துறது தானா வராது.

செயினுக்கு 500 கிமீக்கு ஒரு தடவை லூப், வாரத்துக்கு ஒரு தடவை டயர் காத்து. சத்தமான சைலன்சர் மாட்டின வண்டி வாங்கினா ஒரிஜினல் சைலன்சரையும் கேட்டு வாங்கிக்கோங்க. இல்லைன்னா அபராதமும் உங்களுக்குத்தான், தெருக்காரங்க திட்டும் உங்களுக்குத்தான்.

இந்த வண்டியை வெச்சு எங்க சந்தோஷப்படுறது? விடியற்காலை கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. 30, 40க்கு மேல போக வேண்டிய அவசியமே இல்ல, ஒவ்வொரு வளைவும் ஒரு பாடம். முழு வேகம் பார்க்கணும்னா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில 3.7 கிமீ ரேஸ் டிராக் இருக்கு. அங்க எதிர்ல லாரி வராது, மாடு குறுக்க வராது, ரோட்டைக் கடக்கிற பெரியவரும் இருக்க மாட்டார். பணம் கட்டி ஒரு நாள் போய்ட்டு வாங்க. ஈசிஆர்ல ஞாயித்துக்கிழமை காலையில அதை முயற்சி பண்ணாதீங்க.

கடைசியா, ஆரம்பத்துல வந்த கேள்விக்கு என் பதில். இது உங்க முதல் வண்டி, தினமும் 30 கிமீ ஆபீஸ் போகணும், வீட்டுல வேற வண்டி இல்லைன்னா புது ஆர்15ஓ அதைவிட சாதாரண வண்டியோ எடுங்க. ஏற்கனவே ரெண்டு மூணு வருஷம் ஓட்டிப் பழகியாச்சு, தினசரிக்கு வேற ஒரு ஸ்கூட்டர் இருக்கு, மாசம் 4,000 ஒதுக்க முடியும்னா பழைய 300ஐத் தேடுங்க. அவசரப்படாதீங்க. நான் என் வண்டிக்கு முன்னாடி ஒன்பது வண்டி பார்த்தேன்.

வண்டி பார்க்கப் போறவங்க ஒரு சின்ன டார்ச், ஒரு துணி, கூட ஒரு ஆள் எடுத்துட்டுப் போங்க. ஏற்கனவே பழைய வண்டியை வித்தவங்க இன்னைக்கு ராத்திரியே எம்பரிவாகன்ல அந்த நம்பரைப் போட்டு, ஓனர் இடத்துல உங்க பேர் இன்னும் இருக்கான்னு பாருங்க. இருந்தா வாங்கினவரையோ கடையையோ நாளைக்கே கூப்பிடுங்க.

அடுத்த எபிசோட்ல திரும்ப வேலை விஷயத்துக்கு வந்துடுறேன். நோட்டீஸ் பீரியட் பத்திப் பேசலாம். ஹெல்மெட் ஸ்ட்ராப்பை மாட்டிட்டுக் கிளம்புங்க.